உள்ளங்காலில் ஏறும் ஊசி

முகத்தில் விழும் சுருக்கங்களை நிரப்புவதற்காகவும், வயது ஏற ஏற ஒட்டிப்போகும் கன்னங்களுக்குப் பழைய பூரிப்பைத் தருவதற்காகவும் மேல்நாட்டு ரஸாயன சாலைகளில் உண்டாக்கப்பட்ட சில மருந்துகளை, எவரும் ஏறிட்டுப் பார்க்காத அவயவமாகிய உள்ளங்காலிலே ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் ஒன்று, இந்த நூற்றாண்டில் நியூயார்க் முதலிய பெருநகரங்களில் பரவி வந்திருக்கிறது. குதி உயர்ந்த காலணிகளை அணிந்து இரவு வெகுநேரம் விருந்துகளில் நிற்க வேண்டிய பெண்கள் இதை நாடினார்கள். காலணியின் உயரம் உடல் பாரத்தின் பெரும்பகுதியை முன்பாதத்தின்மேல் தள்ளிவிட, அங்கே எரிச்சலும் குத்தலும் தாங்க முடியாமற்போன நிலையில், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு செயற்கை மெத்தையை வைத்துத் தருவதற்கு முன்வந்த மருத்துவர்களும் அவர்களுக்குக் கிடைத்தார்கள். சிவந்த அடித்தோலால் உலகப் பிரசித்தி பெற்ற கிறிஸ்டியன் லூபூட்டான் என்னும் பிரெஞ்சுக் காலணிக் கலைஞரின் பெயரைச் சுருக்கி, இந்தச் சிகிச்சைக்கு 'லூப் ஜாப்' என்று பத்திரிகைகள் பெயரும் வைத்துவிட்டன.

கேட்ட மாத்திரத்தில் இது செல்வர்களுடைய ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதே ஊசிக்கு, நாகரிகக் காலணிகளோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு சரித்திரமும் உண்டு. முதுமையாலும், நீரிழிவாலும், முடக்குவாதத்தாலும் உள்ளங்காலின் சதை கரைந்து, வீட்டுக்குள் நாலடி எடுத்து வைப்பதற்கும் அல்லல்படுகிற மனிதர்களுக்கு, இழந்ததைத் திருப்பித் தர இயலுமா என்று சில மருத்துவர்கள் அறுபது ஆண்டுகளாக நடத்திவரும் முயற்சியே அது. மருந்தும் ஊசியும் இரு தரத்தாருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும், இழந்துபோன ஒன்றை ஈடுசெய்வது வேறு, துன்புறுத்துகிற ஒன்றைச் சகித்துக்கொள்வதற்காகச் சரீரத்தையே மாற்றிக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் வேறுபாடின்றிக் கலந்து விளம்பரம் செய்வது சௌந்தரிய சிகிச்சை நிலையங்களின் வழக்கமாகிவிட்டபடியால், உள்ளங்கால் எவ்வாறு அமைந்திருக்கிறது, அதில் ஏற்றப்படும் பொருள்கள் எவை, அவற்றால் எந்த மட்டும் பிரயோஜனம் உண்டு என்பவற்றைச் சாதாரண ஜனங்கள் தெரிந்துகொள்வது நலம்.

மனிதனுடைய ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரு பாதங்களையும் சேர்த்துப் பார்த்தால், சரீரத்திலுள்ள 206 எலும்புகளில் நாலில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேயே அடங்கிவிடுகிறது. அந்த எலும்புகள் நேராகத் தரையோடு மோதாதபடி, குதிகாலின் அடியிலும், விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் முன்பாதத்தின் அடியிலும் இயற்கை ஒரு கொழுப்பு மெத்தையை அமைத்துவைத்திருக்கிறது. குதிகாலில் இது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கனம் உள்ளது. கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றிலும் இடுப்பிலும் தளர்ந்து சேரும் கொழுப்பை நினைத்துவிடக் கூடாது. உள்ளங்காலில் உள்ளது முற்றிலும் வேறு விதமான அமைப்பு. எலும்பிலிருந்து தோல்வரை உறுதியான நார்த் திசுவினாலான மெல்லிய சுவர்கள் எழும்பி நிற்க, அந்தச் சுவர்களுக்கு இடையே உள்ள நுண்ணிய அறைகளில் கொழுப்பு அடைபட்டுக் கிடக்கிறது; குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேனடையைப் பார்த்தது போலவே இருக்கும். அடி தரையில் பதியும்போது, அமுக்கப்பட்ட கொழுப்பு பக்கவாட்டில் வழிந்தோடப் பார்க்கிறது. சுவர்கள் அதற்கு இடம்கொடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இந்தப் போராட்டத்திலேயே மோதலின் வேகம் சிதறிப்போய்விட, பாதம் தூக்கப்பட்டதும் மெத்தை தன் பழைய வடிவத்தை அடைந்து அடுத்த அடிக்கு ஆயத்தமாகிவிடுகிறது. நடக்கும்போது உடலின் எடைக்குச் சற்று மேலான பாரமும், ஓடும்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கான பாரமும் ஒற்றைக் காலின்மேல் இறங்குகின்றன என்பதையும், இந்த வேலை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை நடைபெறுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், எந்தத் தொழிற்சாலையும் இதுவரை இதற்கு நிகராக ஒன்றை உண்டாக்கவில்லை என்பது விளங்கும். பட்டினியால் சரீரம் இளைக்கும் காலத்திலும், மற்ற இடங்களில் உள்ள கொழுப்பையெல்லாம் செலவழித்த பிறகே தேகம் இந்த மெத்தையின்மேல் கை வைக்கிறது. அவ்வளவு அருமையாக அதைக் காப்பாற்றி வருகிறது.

இவ்வளவு உறுதியான அமைப்பும் கால கதியில் க்ஷீணம் அடைகிறது. நடுவயதைத் தாண்டியதும் நார்ச் சுவர்கள் மெலிந்து பிளவுபடத் தொடங்குகின்றன. அடைபட்டிருந்த கொழுப்பு பக்கங்களுக்கு நகர்ந்துவிட, குதிகாலின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் எலும்பே கையில் தட்டுப்படுகிறது. முடக்குவாதத்தினால் விரல்கள் வளைந்து மேலெழும்பும்போது, முன்பாதத்தின் மெத்தை விரல்களோடு முன்னால் இழுக்கப்பட்டு, எலும்புகளின் முனைகள் வெறும் தோலின்மேல் நிற்கின்றன. பாதத்தின் வளைவு பிறவியிலேயே மிக உயர்ந்திருப்பவர்களுக்கும், நெடுங்காலம் குதி உயர்ந்த காலணி அணிந்தவர்களுக்கும், நீரிழிவினால் நரம்புகள் கெட்டவர்களுக்கும் இத்தகைய நிலை விரைவில் வருகிறது. உறுத்தலைத் தாங்குவதற்காகத் தோல் தடித்துக் காய்ப்புக் காய்க்கிறது. காய்ப்பின் நடுவே கூர்மையாக இறுகினால் அதையே ஆணிக்கால் என்கிறோம். காய்ப்பைச் சீவி எடுத்தாலும், அடியில் உள்ள எலும்பின் உறுத்தல் மாறாத வரையில், சில வாரங்களில் அது மறுபடியும் முளைத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குதிகால் வலி என்று வருகிறவர்களுள் பெரும்பாலோருக்குக் கொழுப்பு மெத்தையில் கோளாறு இருப்பதில்லை. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடி, பாதத்தின் வளைவைத் தாங்கிநிற்கும் தடித்த நார்ப்பட்டை நைந்துபோவதே அவர்களுடைய உபாதைக்குக் காரணம். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் உட்புறத்தில் சுரீரென்று குத்தி, பத்து நிமிஷம் நடந்ததும் சற்றே தணிந்தால் அது இந்த நார்ப்பட்டையின் வலி. குதிகாலின் நடுமையத்தில், வெறுங்காலோடு கெட்டித் தரையில் நிற்க நிற்க அதிகமாகும் வலியோ மெத்தையின் தேய்வைக் காட்டுவது. மண் மெழுகிய தரை போய்ப் பளபளக்கும் கற்களும் டைல்ஸும் வந்துவிட்ட நம் சமையலறைகளில் வெறுங்காலோடு மணிக்கணக்காக நிற்கும் பெண்களுக்கு இரண்டாவது வகையும் புதிதன்று. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் போடப்படும் ஊசி எதுவானாலும் குருட்டு ஊசிதான். அதிலும், வலி என்றவுடனே போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தருவது உண்மையேயாயினும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் அது கொழுப்பு மெத்தையையே கரைத்துவிடக்கூடும். நார்ப்பட்டை அறுந்துபோவதும் உண்டு. நிவாரணம் தேடிப் போன இடத்தில், இனிமேல் நிவாரணமே இல்லாத இன்னொரு வியாதியைச் சம்பாதித்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

தேய்ந்துபோன மெத்தைக்குப் பதிலாக வேறு பொருளை உள்ளே வைத்துப் பார்த்தவர்களில் முன்னோடி, கலிபோர்னியாவைச் சேர்ந்த சால் பால்கின் என்னும் பாத மருத்துவர். 1964-ல் அவர் எடுத்துக்கொண்ட பொருள் திரவ சிலிக்கோன். அந்தச் சமயத்தில் அந்தப் பொருளுக்கு மிகக் கெட்ட பெயர் ஏற்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானிலும், அடுத்து அமெரிக்காவிலும், பெண்களின் மார்பகத்தைப் பெரிதாக்குவதற்காக அதை அளவின்றி ஏற்றியதன் பயனாக, உள்ளே கட்டிகள் இறுகி, தோல் அழுகி, மார்பகத்தையே அகற்ற நேர்ந்தவர்கள் பலர். அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1975-ல் இத்தகைய ஊசியைச் சட்டத்தினால் குற்றமாக்கிவிட்டது. பால்கினோ கடுகளவு துளிகளாக, எலும்பு உறுத்துகிற இடத்துக்கு நேரே மட்டும், வாரங்கள் இடைவிட்டு ஏற்றினார். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் தேகம் நார்த் திசுவைப் பின்னுகிறது. அப்படித் தேகமே பின்னித் தந்த அந்தத் திசுதான் மெத்தையாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஆணிக்காலும் காய்ப்பும் நீரிழிவுப் புண்ணின் ஆரம்பமும் இருந்தவர்களுக்கு இவ்வாறு செய்து, அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, 41 ஆண்டுகால அநுபவத்தை அவர் 2005-ல் வெளியிட்டார். ஒரு மனிதர் ஒரே கேள்வியை இவ்வளவு காலம் விடாமல் பின்தொடர்ந்தது மதிப்புக்குரிய காரியம் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் ஒருவருடைய அநுபவம், அது எவ்வளவு நீண்டதாயினும், பரீட்சைக்கு ஈடாகாது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில், நீரிழிவினால் பாதம் மரத்துப்போன 28 பேரைக் கொண்டு அத்தகைய பரீட்சை ஒன்று நடத்தி, 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குச் சிலிக்கோனும், மறு சாராருக்கு வெறும் உப்பு நீரும், எவருக்கு எது என்பதை ஊசி ஏற்றப்பட்டவர்களும் அளந்தவர்களும் அறியாதபடி ஏற்றப்பட்டன. ஓர் ஆண்டு வரையில் சிலிக்கோன் பெற்றவர்களுடைய உள்ளங்கால் திசு தடித்தும், அதன்மேல் இறங்கும் அழுத்தம் குறைந்தும், காய்ப்புத் தணிந்தும் இருந்தன. இரண்டாவது ஆண்டின் முடிவில் அந்தப் பலன் குன்றத் தொடங்கிவிட்டது. இது தோல்வியும் அன்று, வெற்றியும் அன்று. ஏற்றிய சிலிக்கோனைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும், சில சமயம் அது இடம்விட்டு நகர்கிறது என்பதும் மறக்கக்கூடாதவை. அமெரிக்காவின் உணவு-மருந்து நிர்வாகம், கண்ணின் உட்புறத்தில் விழித்திரையைத் தாங்குவதற்காக மட்டும் திரவ சிலிக்கோனுக்கு அநுமதி கொடுத்திருக்கிறதேயன்றி, சரீர வடிவத்தைத் திருத்துவதற்கு அதை ஏற்றவேண்டாம் என்று 2017-ல் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது.

இன்று சௌந்தரிய சிகிச்சை நிலையங்களில் உள்ளங்காலுக்கென்று பெரும்பாலும் உபயோகிக்கப்படுவது ஹயலூரானிக் அமிலம். 1934-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர், மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் பாகு போன்ற பொருளிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். மனித தேகத்திலும் இது இயற்கையாகவே உண்டு. மூட்டுகளின் வழவழப்பும் தோலின் ஈரப்பசையும் இதைச் சார்ந்தவை. தேகம் இதை ஓயாமல் சிதைத்து ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், இயல்பான நிலையில் ஏற்றப்பட்ட அமிலம் வெகு விரைவில் மறைந்துவிடும். ஆகையால் அதன் நீண்ட இழைகளை ரஸாயன முறையில் ஒன்றோடொன்று பிணைத்து, மாதக்கணக்கில் நிற்கக்கூடிய கூழாக ஆக்குகிறார்கள். ஃபில்லர் என்று வழங்குவது இதுவே. முழங்கால் தேய்மானத்துக்கு இந்த அமிலத்தை ஊசியாகப் போடுவதற்கு 1997-லும், மூக்கின் இருபுறமும் விழும் மடிப்புகளை நிரப்புவதற்கு 2003-லும் அமெரிக்காவில் அநுமதி கிடைத்தது. தானே கரைந்துபோகும் அறுவைத் தையல் நூல்களில் பயன்படும் பாலிலாக்டிக் அமிலமும் 2004-ல் இந்த வரிசையில் சேர்ந்தது. அது இடத்தை நிரப்புவதோடு நில்லாமல், தேகத்தைத் தூண்டிப் புது நார்ப் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது.

இவை யாவும் முகத்துக்கும், ஒன்றிரண்டு புறங்கைக்கும் என்று பரீட்சிக்கப்பட்டவை. கன்னத்தின்மேல் எவரும் நடப்பதில்லை. உள்ளங்காலிலோ, ஏற்றப்பட்ட கூழ் ஒவ்வோர் அடியிலும் நசுக்கப்படுகிறது. இயற்கையான மெத்தையில் கொழுப்பு வழிந்தோடாமல் காத்துநின்ற சுவர்கள் இந்தக் கூழுக்கு இல்லை. சுவர்கள் கெட்டுப்போன இடத்திலேதான் அது ஊற்றப்படுகிறது. ஆகவே முகத்தில் நிற்கும் அளவுக்கு அது இங்கே நிற்பதில்லை என்பதிலும், சில மாதங்களில் மறுபடி போய் நிற்க நேர்கிறது என்பதிலும் வியப்பொன்றும் இல்லை. பாதங்களின் சதைப்பற்றைக் கூட்டுவதற்கு எந்த ஃபில்லரையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் பெயர் சொல்லியே அறிவித்திருக்கிறது. ஒரு காரியத்துக்காக அநுமதி பெற்ற மருந்தை வேறொன்றுக்கு உபயோகிக்க மருத்துவர்களுக்கு அந்நாட்டில் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்தின் பேரிலேயே இந்தச் சிகிச்சை நடைபெறுகிறது. கிருமி புகுந்து சீழ் கட்டுவது, உள்ளே முடிச்சுகளாக இறுகி முன்னைவிட அதிகமாக உறுத்துவது, தவறுதலாக ஊசி ரத்தக் குழாய்க்குள் சென்று கூழ் அதை அடைத்துவிட்டால் அந்தப் பாகத்தின் தோலே கருகுவது ஆகியவை இதன் அபாயங்கள். ஹயலூரானிக் அமிலத்தைக் கரைத்துவிடக்கூடிய ஹயலூரானிடேஸ் என்னும் என்ஸைம் கையிருப்பில் இருக்கும் இடத்தில் கடைசியாகச் சொன்ன அபாயத்துக்கு உடனே பரிகாரம் செய்யலாம். மற்ற ஃபில்லர்களுக்கு அப்படிப்பட்ட மாற்று இல்லை.

இந்த முயற்சிகளுக்குள் என் மனத்துக்கு மிகவும் நம்பிக்கை தருவது, நோயாளியினுடைய சொந்தக் கொழுப்பையே வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்து, சுத்தி செய்து, பாதத்தின் அடியில் நுண்ணிய இழைகளாக ஏற்றுவது. கொழுப்பை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைக்கும் முறை புதிதன்று. ஜெர்மானிய அறுவை மருத்துவர் குஸ்டாவ் நாய்பர் 1893-லேயே கையின் கொழுப்பைக் கொண்டு முகத்து வடுவை நிரப்பியிருக்கிறார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி குசெனாஃப், பெத் குசெனாஃப் என்னும் இரு மருத்துவர்கள், முன்பாதத்தின் மெத்தை தேய்ந்து வலியால் வருந்துகிறவர்களுக்கு இதைச் செய்து, 2016 முதல் தங்கள் முடிவுகளை வெளியிட்டு வந்திருக்கிறார்கள். அந்த முடிவுகளில் ஒன்று ஆழ்ந்து யோசிக்கத்தக்கது. ஏற்றிய உடனே தடித்திருந்த திசு, மாதங்கள் செல்லச் செல்ல மெலிந்து ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஆயினும் வலி திரும்பவில்லை. அளவுகோலில் தெரியாத ஏதோ ஒரு நன்மை, திசுவின் கனத்தில் இல்லாமல் அதன் குணத்தில் ஏற்பட்ட மாறுதல், அங்கே நிலைத்திருக்க வேண்டும். வலிக்குக் காரணம் மெத்தை மெலிந்தது மட்டுந்தான் என்று எண்ணிவந்தவர்கள் அதை மறுபடி ஆராய வேண்டிய கட்டாயத்தை இந்த ஒரு கண்டுபிடிப்பு உண்டாக்கியிருக்கிறது. ஆனால் இது பகல் உணவு இடைவேளையில் போட்டுக்கொண்டு போகும் ஊசி அன்று. இரண்டு இடங்களில் மரத்துப்போகும் மருந்து, கொழுப்பு எடுத்த இடத்தில் நோவு, சில வாரங்கள் பாரம் இறங்காதபடி காலைப் பேணும் பொறுமை எல்லாம் இதற்கு வேண்டும்.

போடாக்ஸ் என்று பிரசித்தி பெற்ற பொட்டுலினம் நஞ்சையும் பாதத்தில் ஏற்றுகிறார்கள். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தடுத்து தசையைத் தளர்த்துவது இதன் சுபாவம். மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் 1989-லும், புருவ நடுவில் விழும் கோடுகளுக்கு 2002-லும், அக்குளில் மிதமிஞ்சிய வியர்வைக்கு 2004-லும் அமெரிக்காவில் இது அநுமதிக்கப்பட்டது. வியர்வையைத் தடுக்கும் குணத்துக்காக உள்ளங்காலிலும், வலியைத் தணிக்கும் குணத்துக்காக நைந்த நார்ப்பட்டையின் அருகிலும் போடுகிறார்கள். பின்னதற்குச் சாதகமாகச் சிறிய பரீட்சைகள் சில, 2005 முதல், வெளிவந்திருக்கின்றன. உள்ளங்கால் தோலில் ஊசி குத்துவது கடும் நோவு தரும் காரியமாதலால், கணுக்காலின் உட்புறம் ஓடும் நரம்பை முதலில் மரக்கச் செய்துவிட்டே இதைச் செய்வார்கள். இதைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. நார்ப்பட்டை வலி உள்ளவர்களுள் பெரும்பாலோர் எந்த ஊசியும் இல்லாமலே ஓராண்டுக்குள் குணமடைகிறார்கள். காலையில் படுக்கையைவிட்டு இறங்குவதற்கு முன்பே, நோகிற காலை மறு முழங்காலின்மேல் போட்டுக்கொண்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்தி விடுவதும், அதைப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை செய்வதும், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும், மெத்தென்ற செருப்பும் அவர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. செலவில்லாத இந்த உபாயத்தை மூன்று மாதமாவது சிரத்தையோடு செய்து பாராமல் ஊசிக்குப் போவதை என்னால் ஆமோதிக்க முடியவில்லை.

பாதத்தின் வலியைப் பற்றிக் கடந்த நூற்றாண்டுக்கு அறிவு புகட்டிய மனிதர் ஒருவர் நம் நாட்டிலேயே பிறந்தவர். கொல்லிமலையில் ஊழியம் செய்துவந்த ஆங்கிலேயத் தம்பதிகளுக்கு 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது, தொழுநோயாளிகளுடைய விரல்களும் பாதங்களும் அந்த நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் நோயாளிகளின் கூடவே இருந்து கவனித்தார். நோய் நரம்பைக் கெடுத்து வலியை மட்டும் எடுத்துச் செல்கிறது. வலி போன பிறகு, கல்லோ முள்ளோ குத்தியது தெரியாமலும், ஒரே இடத்தில் ஆயிரம் தடவை அழுத்தம் இறங்குவது தெரியாமலும் நடந்து நடந்து, மனிதன் தன் பாதத்தைத் தானே அழித்துக்கொள்கிறான் என்று அவர் கண்டார். நாம் நொண்டும்போது நோகிற இடத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம். அந்த ஓய்வு கிடைக்கப்பெறாத பாதம் புண்ணாகிறது. இந்த உண்மை தெரிந்தவுடன் பரிகாரமும் தெரிந்தது. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நுண்துளை ரப்பரால் மெத்தென்ற செருப்புகள் செய்து நோயாளிகளுக்குக் கொடுக்கலானார்கள். இலங்கையில் மில்ராய் பால் என்னும் அறுவை மருத்துவர் 1930-களிலேயே கையாண்ட மாவுக்கட்டு முறையும், புண்பட்ட பாதத்தின்மேல் பாரத்தைப் பரப்புவதற்குத் துணையாயிற்று. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூயிஸியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், வேலூரில் கற்றதை நீரிழிவுக்காரர்களுடைய பாதங்களுக்குப் பிரயோகித்தார். வலி எவரும் விரும்பாத ஒரு வரப்பிரசாதம் என்பது அவருடைய வாழ்நாள் சித்தாந்தமாக இருந்தது.

மெத்தை போய்விட்டால், அதை முதலில் பாதத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதே அந்த வேலூர்ச் செருப்பின் தத்துவம். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், அதனால் கிருமி புகாது, ரத்தக் குழாய் அடைபடாது. நல்ல இன்சோலும் அகன்ற முனையுள்ள செருப்பும் கொடுத்த பிறகும் நடக்க இயலாத முதியவருக்கு, முடக்குவாதம் விரல்களைத் திருகிவிட்ட பெண்ணுக்கு, விபத்தில் குதிகால் சதையை இழந்தவருக்கு, உள்ளே ஒரு மெத்தையை வைத்துத் தர வல்ல மருத்துவம் வளர வேண்டும். அதற்காக உழைக்கிறவர்களைப் பாராட்ட வேண்டும். மூன்று அங்குலக் குதியின்மேல் ஐந்து மணி நேரம் நின்றபின் முன்பாதம் எரிகிறதே, அந்த எரிச்சலோ பாதம் தன் எஜமானிக்கு அனுப்பும் நேர்மையான விண்ணப்பம். அந்த விண்ணப்பத்தை ஊசியால் அமர்த்திவிட்டு அதே காலணியில் இன்னும் ஐந்து மணி நேரம் நிற்கும்போது, விரல்களின் எலும்புகளும் நரம்புகளும் அதே பாரத்தை முன்போலவே சுமந்துகொண்டிருக்கின்றன. சுமக்கிற செய்தி மாத்திரம் அவளை எட்டுவதில்லை. சௌந்தரிய சிகிச்சையின்மேல் எனக்குப் பொதுவாக விரோதம் இல்லை; தன் முகத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆயினும் முகத்தின் சுருக்கம் எவருக்கும் எதையும் எச்சரிப்பதில்லை, பாதத்தின் வலி எச்சரிக்கிறது. ஆகையால் இரண்டையும் ஒரே விலைப்பட்டியலில் எழுதி வைப்பதை நான் தவறென்றே கருதுகிறேன்.

நீரிழிவு உள்ளவர்கள் விஷயத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகிறது. அவர்களில் பலருக்கு உள்ளங்கால் மரத்துப்போயிருப்பது அவர்களுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதற்கு, பத்து கிராம் பாரத்தில் வளையும்படி அளந்து செய்யப்பட்ட நைலான் இழை ஒன்றை உள்ளங்காலின் சில இடங்களில் தொட்டுப் பார்க்கிறார்கள். இதனை உணர முடியாத பாதத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்ச்சி போய்விட்டது என்று அளவிட்டுச் சொன்னவர்கள், பிராண்ட் பணியாற்றிய அதே கார்வில் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். இன்று நீரிழிவு சிகிச்சை நடக்கும் எந்த நல்ல மருத்துவமனையிலும் அந்த இழை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பரிசோதனை முடிந்துவிடும். அதனோடு, பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலின் பின்புறத்திலும் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். இழை தொட்டது தெரியாத பாதத்திலும், நாடி தட்டுப்படாத பாதத்திலும் ஊசிக் காயம் ஆறுவது நிச்சயமில்லை. உள்ளங்காலில் எதை ஏற்றிக்கொள்ளப் போகிறவரும், எந்த நிலையத்தின் நாற்காலியில் அமர்வதற்கு முன்பும், இந்த இரண்டு பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அவற்றைச் செய்யாமலே ஊசியை எடுக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.